முதுகில் பிறக்கும் எண்

“சன்ஸ்கிரீன் டியூப்பில் எஸ்பிஎஃப் 50 என்று போடுகிறார்களே, அதை யார் சார் அளந்து பார்த்தது?” என்று தாராவி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மும்பைக்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். இந்த எண்ணுக்காக 2025 ஏப்ரலில் இரண்டு நிறுவனங்கள் கோர்ட் படி ஏறின. ஐம்பது என்று விற்கும் சில கிரீம்கள் சோதனையில் இருபதுதான் தேறுகின்றன என்று லாக்மே விளம்பரம் செய்தது. டெர்மா கோ கிரீமை விற்கும் ஹோனாசா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. லாக்மேயின் உரிமையாளரான ஹிந்துஸ்தான் யூனிலீவர் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு.

அளப்பது மனித முதுகில். குறைந்தது பத்துப் பேர் வேண்டும். முதுகில் ஓரிடம் வெறுமையாக, ஓரிடத்தில் கிரீம். இரண்டிலும் செனான் விளக்கின் புற ஊதாக் கதிரைப் பொட்டுப் பொட்டாக, படிப்படியாகக் கூட்டிப் பாய்ச்சுவார்கள். மறுநாள் எந்தப் பொட்டு சிவந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். கிரீம் பூசிய தோல் சிவக்க முப்பது மடங்கு கதிர் தேவைப்பட்டால் அது 30. சுடும் கதிரில் 30 விடுவது சுமார் 3.3 சதவீதம், 50 விடுவது 2. இதற்குத்தான் அவ்வளவு விலை வித்தியாசம்!

சோதனையில் பூசும் அளவு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம். இது ஐஎஸ்ஓ 24444 விதி. அந்தக் கணக்கில் முகத்துக்கு மட்டுமே ஒரு கிராமுக்கு மேல் வேண்டும். தினம் ஒருமுறை பூசினாலும் 50 கிராம் டியூப் இரண்டு மாதம் தாங்காது. நாமோ தோசைக்கல்லில் பாதி வெங்காயத்தால் எண்ணெய் தேய்ப்பதுபோல ஓர் இழுப்பு இழுத்துவிட்டு ரயிலைப் பிடிக்கிறோம். அந்தப் பூச்சு ஐம்பதுக்குப் பக்கத்தில்கூட வராது.

அதைவிட எனக்கு உறுத்துவது, யாருடைய முதுகு என்பது. சிவப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதால் வெளிர்ந்த தோல்காரர்களைத்தான் சேர்க்கிறார்கள். செம்பூர் சிக்னலில் நிற்கும் போலீஸ்காரரையும் தாராவியில் தகரக் கூரை வேய்பவரையும் பெரும்பாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நம் தோலுக்குச் சிவப்பதைவிடக் கருப்பதும் மங்கு விழுவதும்தான் பெரிய தொல்லை. அதில் புற ஊதாக் கதிரின் ஒரு வகையான யுவிஏவுக்குப் பெரும் பங்கு. ஜன்னல் கண்ணாடியையும் அது தாண்டி வரும். எஸ்பிஎஃப் எண்ணோ பெரும்பாலும் தோலைச் சிவக்க வைக்கும் இன்னொரு வகையான யுவிபி பற்றியே பேசுகிறது. ஆகவே டியூப்பில் பிஏ என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கூட்டல் குறிகளை எண்ணுங்கள். ஜப்பானிலிருந்து வந்த அந்தக் கணக்கு, தோல் கருப்பதை வைத்துப் போடுவது. நான்கு குறி இருந்தால் காப்பு 16 மடங்கு அல்லது அதற்கு மேல்.

நாள் முழுக்க வெயிலில் நிற்பவருக்கு முதலாளி முதலில் வாங்கித் தர வேண்டியது முழுக்கைச் சட்டையும் அகலத் தொப்பியும். வியர்வையில் கரையும் கிரீமை இரண்டு மணிக்கொருமுறை பூச அவருக்கு யார் நேரம் கொடுக்கிறார்கள்?