டயரும் ஒரு கியர்தான்

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணியின் நீளம் ஏறத்தாழ 128 கி.மீ. இந்தச் சின்ன ஆற்றைச் சுற்றி ஒரு பிக்கப் வண்டிக்கு வாய்க்கும் தரைகள் எத்தனை! மணிமுத்தாறு அணையைத் தாண்டி மாஞ்சோலைக்கு ஏறினால் கல்லும் வளைவும். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வயல்காட்டில் தொளி. வடக்கே கோவில்பட்டிப் பக்கம் கரிசல். தெற்கே உடன்குடி தாண்டிப் பனங்காட்டுக்குள் நுழைந்தால் தேரியின் செம்மணல். போதாததற்கு, 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டி, ரோடு எது ஆறு எது என்று தெரியாமல் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு, வண்டி இன்னும் கொஞ்சம் உயரமாக இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றுவது இயல்பு. டயர்க் கடையிலும் அதையே கேட்பார்கள்: “ஒரு சைஸ் பெரிசா போட்டுருவோமா அண்ணாச்சி? வண்டி எடுப்பா நிக்கும்லா.”

எடுப்பாக நிற்கும், சந்தேகமில்லை. ஆனால் எவ்வளவு உயரும்? பொலிரோ வகை வண்டிகளில் பரவலாகக் காணும் அளவு 215/75 ஆர் 15. அகலம் 215 மி.மீ.; பக்கச்சுவரின் உயரம் அதில் 75 சதவீதம்; உள்ளே இருக்கும் ரிம் 15 அங்குலம். கூட்டிப் பார்த்தால் டயரின் மொத்த விட்டம் 703 மி.மீ. சொச்சம். இதை 235/75 ஆக்கினால் 733 சொச்சம். 30 மி.மீ. கூடுகிறது. அச்சு நிற்பது சக்கரத்தின் நடுவில் என்பதால் வண்டி எழும்புவது அதில் பாதி, ஒன்றரை செ.மீ. வெள்ளத்தில் எஞ்சினைக் காப்பது காற்று இழுக்கும் குழாயின் உயரம்தான். அதற்கு இந்த ஒன்றரை செ.மீ. எந்த மூலைக்கு?

உயரத்தில் இவ்வளவு சிக்கனமான மாற்றம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தாராளமாக வேலை செய்கிறது. எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸ், கிரவுன் பினியன் வழியாக வரும் சுழற்சி கடைசியாகத் தரையைத் தொடுவது டயரில். அச்சு ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி எவ்வளவு நகரும் என்பதை டயரின் சுற்றளவு தீர்மானிக்கிறது. அந்த வகையில் டயரும் ஒரு கியர்தான், வரிசையில் கடைசிக் கியர். பழைய டயர் ஒரு சுற்றில் 2.21 மீட்டர் ஓடும், புதியது 2.30 மீட்டர். ஏறத்தாழ 4 சதவீதம் கூடுதல். எல்லாக் கியரும் ஒரே நேரத்தில் 4 சதவீதம் நீண்டுவிட்டன என்று பொருள். அதே எஞ்சின், அதே மிதி. இழுவை 4 சதவீதம் குறைவு. ஏற்றத்தில் இரண்டாவது கியர் போதும் என்றிருந்த வளைவில் முதல் கியருக்கு இறங்க நேரிடலாம். இறக்கத்தில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் பலமும் அதே அளவு குறையும். பிரேக்கும் தப்பாது: அதே அழுத்தம் கொடுத்தாலும் சக்கரத்தின் ஆரம் கூடியதால் தரையில் கிடைக்கும் நிறுத்துவிசை குறைகிறது. வாழைத்தார் ஏற்றிக்கொண்டு மலை இறங்குகிறவர் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

மீட்டரும் ஏமாறும். அது எண்ணுவது சுற்றுகளை, தூரத்தை அல்ல. 100 கி.மீ. என்று காட்டும்போது வண்டி ஓடியது 104. பெரிய டயர் போட்டதும் மைலேஜ் விழுந்துவிட்டது என்று புலம்புகிறவர்களின் நஷ்டத்தில் ஒரு பங்கு வெறும் கணக்குப் பிழை. மீதி உண்மையான நஷ்டம்தான்: டயரின் எடை கூடியிருக்கிறது, அதைச் சுழற்ற டீசல் வேண்டும்.

இனி வருவதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். வண்டியைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே அடைத்த காற்று. 1845இல் ராபர்ட் தாம்சன் காப்புரிமை வாங்கி, உலகம் மறந்துபோய், 1888இல் டன்லப் மறுபடியும் கண்டெடுத்த சூட்சுமம் அது. ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ இறங்குகிறது, உள்ளே 35 பி.எஸ்.ஐ. காற்று என்றால், டயர் தரையில் பதியும் பரப்பு சுமார் 200 சதுர செ.மீ. நாலு சக்கரத்தையும் சேர்த்தால் ஏ4 தாள் ஒன்றேகால். இரண்டு டன் வண்டி பூமியோடு வைத்திருக்கும் உறவு அவ்வளவுதான். பெரிய டயர் போட்டு அதே 35 காற்று அடித்தாலும் பரப்பு ஏறக்குறைய அதேதான்! பதியும் தடத்தின் வடிவம் கொஞ்சம் மாறலாம், பரப்பு மாறாது. பரப்பைத் தருவது காற்றழுத்தம். பெரிய டயர் செய்வது, அழுத்தத்தைக் குறைத்தாலும் ரிம் தரையில் இடிக்காதபடி இடம் கொடுப்பது.

தேரியில் ஓட்டிப் பழகியவருக்கு இது கைவழக்கம். இரும்புச் சத்தால் சிவந்து, காற்றில் குவிந்த அந்த மணலில் 35 காற்றோடு இறங்கினால் சக்கரம் தனக்குத் தானே குழி வெட்டும். 18க்கு இறக்கினால் தடம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகி நீளவாக்கில் படரும். வண்டி மணல்மேல் மிதந்து போகும். வண்டியில் உள்ள டயரிலேயே, செலவில்லாமல்.

தொளியில் கதை வேறு. சேறு குழைந்து கிடக்கும் வயலில் டிராக்டருக்குக் கேஜ் வீல் மாட்டுகிறார்கள்: ரப்பர் வழுக்கும் இடத்தில் இரும்புப் பட்டைகள் சேற்றை அள்ளித் தள்ளும். அந்தச் சக்கரத்தோடு தார்ச்சாலையில் ஏறினால் சாலை கிழியும். கரிசலிலோ அளவு, காற்று இரண்டும் கைவிடும். நனைந்தால் ஊதும் களிமண் டயரின் பள்ளங்களில் அப்பி, புது டயரையும் மொட்டை டயர் ஆக்கிவிடும். அங்கே கேட்க வேண்டியது அகலப் பள்ளமுள்ள, சேற்றை உதறும் டயர்.

கல்லில் ஏறப் பெரிய சக்கரம் உதவும் என்பது உண்மைதான், ஆனால் பெரிது என்றால் பார வண்டிச் சக்கரம் போலப் பெரிது. 10 செ.மீ. கல் ஒன்று குறுக்கே கிடக்கிறது. இறுகிய சக்கரமாகவே எடுத்துக் கணக்குப் போட்டால், பழைய டயர் அதில் ஏற, சக்கரத்தின் மேலுள்ள பாரத்தில் 98 சதவீத விசையால் இழுக்க வேண்டும். பெரிய டயருக்கு 94. ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான, 140 செ.மீ. விட்டமுள்ள மரச்சக்கரத்துக்கு 60! சாலை என்று ஒன்று இல்லாத காலத்தில் தச்சர்கள் ஏன் அவ்வளவு உயரச் சக்கரம் செய்தார்கள் என்பது இந்த ஒரு எண்ணில் தெரிகிறது. நம் 30 மி.மீ. அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் பெரிய டயர்தான் என்றால், பக்கச்சுவரில் எழுதியிருக்கும் பாரக் குறியீட்டைப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 104 என்றால் 900, 112 என்றால் 1,120. கார்களுக்கான பெரிய டயர், லோடு வண்டிக்கான சிறிய டயரைவிடக் குறைவாகத் தாங்கக்கூடும். பார்வைக்கு அது தெரியாது. ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, பாரம் ஏற்றிய நிலையில், டயர் மட்கார்டில் உரசுகிறதா என்றும் பாருங்கள். சட்டமும் இருக்கிறது: 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது.

நான் என்றால் கம்பெனி அளவிலேயே பள்ளம் அகன்ற டயர் ஒரு செட் வாங்கி, மிச்சப் பணத்தில் காற்றழுத்தமானி ஒன்றும் பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும் சின்ன கம்ப்ரசர் ஒன்றும் வாங்கி சீட்டுக்கு அடியில் போட்டுக்கொள்வேன். தேரியில் 18க்கு இறக்கிய டயரோடு தார்ச்சாலையில் விரட்டினால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். பனங்காட்டை விட்டு வெளியே வந்ததும் ஓரமாக நிறுத்தி, நாலு டயருக்கும் காற்றடித்துவிட்டுத்தான் திருச்செந்தூர் ரோட்டில் ஏற வேண்டும்.