துப்பாக்கி போலீசிடம், தோட்டா பையில்

2024 ஜூன் 2. சென்னையிலிருந்து திருச்சிக்குப் பறக்க வந்திருந்தார் நடிகரும் முன்னாள் எம்.எல்.ஏ.வுமான கருணாஸ். அவருடைய பை ஸ்கேனருக்குள் போனதும் பாதுகாப்புப் படையினர் நிறுத்திவிட்டார்கள். உள்ளே 40 தோட்டாக்கள். லைசென்ஸ் அவரிடம் இருந்தது. மக்களவைத் தேர்தலுக்காகத் துப்பாக்கியைத் திண்டுக்கல்லில் போலீசிடம் ஒப்படைத்துவிட்டதாகவும், தோட்டா இருப்பதைக் கவனிக்காமல் பையை எடுத்து வந்துவிட்டதாகவும் சொன்னார். ஆவணங்களைப் பார்த்த பிறகு அதிகாரிகள் அவரை அனுப்பிவைத்தார்கள்.

திண்டுக்கல் வட்டாரத்தில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இதைச் சினிமாச் செய்தியாகப் படித்துக் கடந்துவிடக் கூடாது. தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வது இங்கே வழக்கம். அப்போது எல்லோர் கவனமும் துப்பாக்கி மேல்தான். பழைய தோல் பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள், கிழிந்த உள்துணிக்கு அடியில் உருண்டு கிடக்கும் தோட்டாவை யார் நினைப்பார்கள்? ஸ்கேனர் விடாது. திரையில் துணிமணி ஆரஞ்சு நிறத்தில் தெரியும். பித்தளை அடிப்பாகம் அடர்நீலத்தில் பளிச்சென்று நிற்கும்.

முறையாகக் கொண்டுபோக வழி இருக்கிறது. நமக்குப் பக்கத்து விமான நிலையம் மதுரை. டிக்கெட் போடும்போதே விமான நிறுவனத்திடம் சொல்லிவிட வேண்டும். நேரத்தோடு போய், கவுன்டரில் நாமாகவே அறிவித்து, லைசென்ஸைக் காட்டிப் படிவம் நிரப்ப வேண்டும். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று சோதித்த பிறகு, பூட்டிய பெட்டியில் அது விமானத்தின் அடிவயிற்றுக்குப் போகும். தோட்டா தனியாகக் கட்டப்பட வேண்டும். ஒரு பயணிக்கு ஒரு துப்பாக்கி, 50 தோட்டா என்பது இங்குள்ள வழக்கமான வரம்பு. சர்வதேச விதிப்படி தோட்டாவின் எடை மொத்தம் 5 கிலோவைத் தாண்டக் கூடாது. இரண்டுமே கைப்பையில் கூடவே கூடாது.

பலர் கோட்டைவிடுவது லைசென்ஸில் எழுதியிருக்கும் எல்லையை. தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லும் லைசென்ஸை வைத்துக்கொண்டு டெல்லியில் நடக்கும் துப்பாக்கி சுடும் போட்டிக்கு ஆயுதத்தோடு போக முடியாது. புறப்படும் முன்பே கலெக்டர் அலுவலகத்தில் கேட்டு முடித்துவிட வேண்டிய வேலை இது.

இதைவிட எனக்குக் கவலை தருவது வீட்டுப் பிள்ளைகள் விஷயம். அப்பாவின் பையை அவசரத்துக்கு எடுத்துக்கொண்டு வேலைக்கோ இன்டர்வியூவுக்கோ பறக்கும் மகனிடம் லைசென்ஸ் கிடையாது. ஆயுதச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டுவரை சிறை என்கிறது. தன்னிடம் இருப்பது தெரிந்து வைத்திருந்தால்தான் குற்றம் என்று 1972-இல் குன்வந்த்லால் வழக்கிலும், 1994-இல் சஞ்சய் தத் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. அதன் அடிப்படையில் இப்படிப்பட்ட வழக்குகளை உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்ததும் உண்டு. ஆனால் அந்தத் தீர்ப்பு கைக்கு வரும்வரை ஸ்டேஷன், கோர்ட், வக்கீல் என்று அலைய வேண்டியவன் அந்தப் பையன்தான். பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை வந்தால் அங்கேயும் இந்த வழக்கு முன்னால் வந்து நிற்கும்.

மாவட்ட நிர்வாகம் செலவில்லாமல் ஒன்று செய்யலாம். துப்பாக்கியை வாங்கிக்கொண்டு கொடுக்கும் ரசீதிலேயே, 'வீட்டில் மீதமுள்ள தோட்டா எத்தனை, எங்கே இருக்கிறது' என்று ஒரு வரி சேர்க்கட்டும். உரிமதாரர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். தோட்டா வைத்த பையை அதற்கென்றே ஒதுக்கி, பூட்டி வையுங்கள். வேறு எந்தப் பயணத்துக்கும், யாருக்கும், அதைக் கொடுக்காதீர்கள்.