வகுப்பறையில் செயற்கை நுண்ணறிவு: தமிழ்மொழி மூலக் கல்வியை முன்னிறுத்திய ஒரு நோக்கு

புதிய கருவியொன்று சமுதாயத்தினுள் நுழையும்பொழுது அதனை வரமெனப் போற்றுவோரும் சாபமெனத் தூற்றுவோரும் உடனடியாகவே தோன்றிவிடுகின்றனர். 2022 நவம்பர் இறுதியில் சட்ஜிபிடி பொதுமக்கள் பாவனைக்கு விடப்பட்டதன் பின்னர் ஆசிரியரிடையே நிகழ்ந்துவரும் விவாதமும் இதற்கு விலக்கன்று. ஆசிரியரின் பணியே இனி அருகிவிடும் என்கின்றனர் ஒரு சாரார். இக்கருவியை வகுப்பறை வாயிலிலேயே தடுத்து நிறுத்தவேண்டும் என்கின்றனர் மறு சாரார். இது யாருடைய மொழியில், யாருடைய உழைப்பால், யாருடைய தேவைக்காக இயங்குகின்றது என்ற வினாவை இரு சாராரும் பெரும்பாலும் எழுப்புவதில்லை. அவ்வினாவைக் கொழும்பின் தமிழ்மொழி மூல வகுப்பறைகளில் வைத்து நோக்குவதும், ஆசிரியர் இக்கருவியை எவ்வாறு பயன்கொள்ளலாம் என விளக்குவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பின்னணி

தாய்மொழி வழியே விஞ்ஞானம் கற்கும் உரிமை இலங்கையில் எளிதிற் கிடைத்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மிசனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். எனினும் அது ஒரு சிலர்க்கே எட்டிய கல்வி. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945-இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்ததையடுத்தே உழைக்கும் மக்களின் பிள்ளைகள் பெருந்தொகையினராக இடைநிலைக் கல்வியினுள் பிரவேசித்தனர். சுயமொழிக் கல்வி உயர் வகுப்புகளுக்குப் படிப்படியாக விரிந்தபொழுது, 1950-களிலும் 1960-களிலும் கலைச்சொற்றொகுதிகளும் பாடநூல்களும் அரச ஆதரவில் ஆக்கப்பட்டன. இன்று மாணவர் இயல்பாக வழங்கும் ஆர்முடுகல், அமுக்கம், திணிவு, ஒளித்தொகுப்பு முதலிய சொற்கள் இத்தகைய கூட்டு உழைப்பின் பேறுகளே.

இவ்வுரிமை யாவர்க்கும் சமமாகப் பயன்படுகின்றது எனக் கூறுவதற்கில்லை. வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் தனியார் வகுப்புகள் மலிந்துள்ளன. பணம் செலுத்த வல்ல குடும்பத்துப் பிள்ளை பாடசாலையில் விடுபட்டதை அங்கு ஈடுசெய்து கொள்கின்றது. கொட்டாஞ்சேனையில் துறைமுகத்தையும் புறக்கோட்டைக் கடைகளையும் நம்பி வாழும் நாட்கூலிக் குடும்பத்துப் பிள்ளைக்கோ வகுப்பாசிரியரே பெரும்பாலும் ஒரே துணை. இவ்வேறுபாடு இரு இடங்களுக்கிடையே மாத்திரமன்றி ஒவ்வோர் இடத்தினுள்ளும் உண்டு என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும். 2020-இல் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டுக் கற்பித்தல் இணையவழிக்கு மாறியபொழுது, ஒரே கைத்தொலைபேசியைப் பகிர்ந்துகொண்ட உடன்பிறப்புகள் பின்தங்கியமையை ஆசிரியர் அறிவர். 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. கடதாசிக்கு முட்டுப்பட்ட அதே கல்வி முறைமையினுள், 2024-இல், மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் தெரிவுசெய்யப்பட்ட அரசாங்கப் பாடசாலைகளில் செயற்கை நுண்ணறிவைப் புகுத்தும் முன்னோடித் திட்டம் தொடங்கப்பட்டது. இம்முரண்பாடே நமது ஆய்வின் தொடக்கப் புள்ளியாகும்.

2. கருவியின் இயல்பு

இக்கருவிகள் பேரளவான எழுத்துப் பிரதிகளிலிருந்து சொற்கள் ஒன்றையொன்று தொடரும் முறைமையைக் கற்று, கேட்ட வினாவுக்கு அடுத்தடுத்து வரத்தக்க சொற்கூறுகளைக் கணித்து வாக்கியங்களை அமைக்கின்றன. அவ்வாறு அமைந்த வாக்கியம் உண்மையானதா என்பது வேறு வினா. இல்லாத நூலையும் இல்லாத செய்யுளடியையும் இருப்பவற்றைத் தருகின்ற அதே சரளத்துடன் அவை தரக்கூடும். எனவே நடையின் செம்மையைச் செய்தியின் செம்மைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது.

அப்பிரதிகளில் ஆங்கிலமே மேலோங்கியுள்ளது. தமிழின் பங்கு சிறிது. அச்சிறு பங்கிலும் ஈழத்துத் தமிழின் பங்கு மிகச் சிறிது. யூனிக்கோட் முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் பொதுவாக மூன்று பைற்றுகளாகப் பதியப்படுகின்றது. ஆங்கில எழுத்துக்கு ஒன்றே போதும். இக்காரணத்தாலும் தமிழ்ப் பிரதிகளின் குறைவாலும் பல கருவிகளில் ஒரே கருத்தைத் தமிழிற் கூற அதிக கூறுகள் தேவைப்படுகின்றன. கூறுகளின் எண்ணிக்கைக்கே கட்டணம் அறவிடப்படுமிடத்து, தமிழில் வினவுபவர் அதிக விலை கொடுக்கின்றார்.

இலங்கை ஆசிரியர்க்கு மற்றுமொரு தடையும் உளது. நெடுங்காலமாகப் பாமினி எழுத்துருவில் தட்டெழுதப்பட்டு வந்த வினாத்தாள்களும் குறிப்புகளும் நமது கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினும், கணினியினுள் உரோம எழுத்துகளாகவே பதிந்துள்ளன. யூனிக்கோட்டுக்கு மாற்றினாலன்றி அவற்றைக் கருவி தமிழெனக் கொள்வதற்கில்லை. ஒரு தலைமுறை ஆசிரியரின் உழைப்பில் பெரும்பகுதி இவ்வாறு இயந்திரத்தின் பார்வைக்கு அப்பாற்பட்டுக் கிடக்கின்றது.

3. ஒரு சொல், இரு பொருள்

இவ்வேறுபாடு வகுப்பறையில் எவ்வாறு வெளிப்படும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். பொருளொன்றினைச் சந்திரனுக்குக் கொண்டுசென்றால் அதன் நிறை மாறுமா என ஒரு மாணவி வினவுகின்றாள் எனக் கொள்வோம். இலங்கைப் பாடநூலின்படி, சடப்பொருளின் அளவைக் குறிப்பது திணிவு. அது கிலோகிராமில் அளக்கப்படும். புவியீர்ப்பினால் அப்பொருள்மீது தாக்கும் விசையே நிறை. அது நியூற்றனில் அளக்கப்படும். ஆகவே சந்திரனில் நிறை ஏறத்தாழ ஆறிலொன்றாகக் குறையும் என்பதே சரியான விடை. தமிழ்நாட்டுப் பாடநூல்களிலோ நமது திணிவுக்கு நிறை என்றும், நமது நிறைக்கு எடை என்றும் பெயர். அவ்வழக்கைப் பின்பற்றும் கருவி, நிறை எங்கும் மாறாது என விடை கூறும்.

இரண்டு விடைகளும் தத்தம் வழக்கில் சரியானவை. ஆயினும் கருவியின் விடையை நம்பிக் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் எழுதும் மாணவி புள்ளியை இழப்பாள். அது மட்டுமன்று, தான் கற்ற கருத்தே பிழையோ என ஐயுறவும் கூடும். இரசாயனவியலும் வேதியியலும், ஒட்சிசனும் ஆக்ஸிஜனும் வேறு சொற்கள் என்பது பார்த்த அளவிலேயே தெரியும். ஒரே சொல் வேறு பொருளில் வரும்பொழுதுதான் ஏமாற்றம் நிகழ்கின்றது. தனியார் வகுப்புக்குச் செல்லும் பிள்ளைக்கு இப்பிழையைத் திருத்த மற்றொருவர் இருக்கக்கூடும். பாடசாலையை மாத்திரம் நம்பிய பிள்ளைக்கு அது திருத்தப்படாமலே நின்றுவிடும்.

4. ஆசிரியர் செய்யத்தக்கவை

முதலாவதாக, இக்கருவி ஆசிரியரின் ஆயத்தப் பணிக்கு உதவும். பாடநூலின் ஒரு பகுதியைக் கொடுத்து, அதிலுள்ள கலைச்சொற்களை மட்டுமே பயன்படுத்தி, எளிய வினாக்கள் ஐந்தும் சிந்தனைக்குரிய வினாக்கள் ஐந்தும் ஆக்குமாறு பணிக்கலாம். நாற்பது பிள்ளைகள் பல்வேறு அடைவு மட்டங்களில் அமர்ந்திருக்கும் வகுப்பில், அவரவர்க்கேற்ற பயிற்சிகளை ஆக்க ஆசிரியர்க்கு நேரம் போதுவதில்லை. அந்நேரத்தை இது மீட்டுத் தரும். வெறுமனே வினவுவதிலும் பாடநூற் பகுதியை முன்வைத்து வினவுவதே நன்று. அவ்வாறு பெற்றதையும் வரிக்கு வரி சரிபார்த்தல் வேண்டும்.

இரண்டாவதாக, கருவியின் விடையையே பாடப்பொருளாக்கலாம். மேற்கூறிய சந்திரன் பற்றிய விடையைக் கரும்பலகையில் எழுதி, பாடநூலுடன் ஒப்பிட்டு வேறுபாட்டைக் கண்டறியுமாறு மாணவரைப் பணித்தால், திணிவுக்கும் நிறைக்குமுள்ள வேறுபாடு மனனத்தாலன்றி ஆராய்வினால் மனத்திற் பதியும். இதற்கு மாணவர் கையில் தொலைபேசி வேண்டியதில்லை. ஒரு கரும்பலகையே போதும்.

மூன்றாவதாக, மொழி, இலக்கிய வகுப்பில் இதனை எதிர்நிலைச் சான்றாகக் கொள்ளலாம். துறைமுகம் பற்றிக் கருவியைக்கொண்டு ஒரு கட்டுரை எழுதுவித்து, அதில் எவை பேசப்படவில்லை என மாணவரைக் கேட்கலாம். தந்தையின் இரவு வேலைமுறையையும், வேலையற்ற நாளில் வீட்டின் நிலையையும் அறிந்த கொட்டாஞ்சேனைப் பிள்ளை, அக்கட்டுரையின் வெறுமையை எவரினும் விரைவிற் காண்பான். பவுலோ பிறேயிரே கண்டித்த வங்கிமுறைக் கல்வியில் மாணவர் பிறர் இட்டதை ஏற்கும் கலங்களாக இருந்தனர். இங்கு அவர்கள் மதிப்பிடுவோராகின்றனர்.

தவிர்க்க வேண்டியனவும் உள. மாணவரின் பெயர், புள்ளி, குடும்ப நிலை ஆகியவற்றைக் கருவியிற் பதிதல் கூடாது. விடைத்தாளின் இறுதி மதிப்பீட்டை அதனிடம் ஒப்படைத்தலும் கூடாது. வகுப்பறைப் பயன்பாட்டுக்குப் பதின்மூன்று வயதை எல்லையாகக் கொள்ளுமாறு யுனெஸ்கோ 2023-இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுவதும் கவனிக்கத்தக்கது.

5. உடைமை பற்றிய வினா

இயந்திரம் என்பது கடந்தகால உழைப்பு உறைந்த வடிவம் என்பதை மார்க்ஸ் 1867-இல் வெளியிட்ட மூலதனத்தில் விளக்கினார். இக்கருவியிலும் எண்ணற்ற எழுத்தாளர், ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோரின் உழைப்பு உறைந்துள்ளது. தீங்கான பகுதிகளை இனங்கண்டு குறியிடும் பணியில் கென்யத் தொழிலாளர் மணித்தியாலத்துக்கு இரண்டு டொலரிலும் குறைந்த கூலிக்கு ஈடுபடுத்தப்பட்டமையை 2023-இல் ரைம் சஞ்சிகை வெளிப்படுத்தியது. உழைப்பு சமூகமயமானதாயும் உடைமை தனியாரதாயும் இருப்பதே இங்கும் அடிப்படை முரண்பாடு.

ஆதலின் தனியொரு ஆசிரியரின் திறமை மட்டும் போதாது. பாடநூல்களையும் கலைச்சொற்றொகுதிகளையும் யூனிக்கோட்டில் பொதுவுடைமையாக்குமாறு ஆசிரியர் சங்கங்களும் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் அரசைக் கோருதல் வேண்டும். 2005-இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து எழுத்துகளைத் திரட்டிப் பேணிவருவது, மக்கள் முயற்சியால் இது இயலும் என்பதைக் காட்டுகின்றது. பாடசாலை தோறும் ஆசிரியர் ஒன்றுகூடி, தாம் கண்ட கருவிப் பிழைகளையும் சொல் வேறுபாடுகளையும் ஒரு பதிவேட்டிற் குறித்துப் பகிர்ந்துகொள்வது நாளையே தொடங்கத்தக்க பணி. அன்று கலைச்சொற்களை ஆக்கியோர் கூடியிருந்தே ஆக்கினர். இன்று அவற்றைக் காப்பதும் கூட்டுப் பணியாகவே அமையும்.