பரோட்டாக் கல்லும் பழைய பிராசஸரும்

ஆறு மாதம் பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் அக்கா மகன் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினான். ஆர்எக்ஸ் 6600. அதைப் பொருத்திய கம்ப்யூட்டர் 2019-ல் வாங்கியது. ரைசன் 5 2600 பிராசஸர், பி450 மதர்போர்டு. அன்று ராத்திரியே போன் வந்தது.

"மாமா, வாலரன்ட்ல பெருசா ஒரு வித்தியாசமும் தெரியல. சண்டை நடக்கிறப்போ இன்னும் திக்குது. கடைக்காரர் ஏமாத்திட்டாரோ?"

டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு விளையாடிப் பார்க்கச் சொன்னேன். கார்டு ஐம்பத்தைந்திலிருந்து அறுபது சதவீதம் வரை வேலை செய்தது. பிராசஸர்? "அதுவும் நாப்பதுதான் மாமா."

இரண்டுமே முழு மூச்சாக வேலை செய்யவில்லை. ஆனாலும் ஆட்டம் திக்குகிறது. கடைக்காரர் மேல் தப்பில்லை. மீதி நாற்பது, நாற்பத்தைந்து சதவீத நேரம் அந்தக் கார்டு சும்மா உட்கார்ந்து யாருக்காகவோ காத்திருக்கிறது.

திரையில் நாம் பார்ப்பது அடுத்தடுத்து மாறும் அசையாப் படங்கள். வினாடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிவினாடி. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருந்தால் ஏழுகூடக் கிடைக்காது. அதற்குள் எதிரி எங்கே நிற்கிறான், குண்டு சுவரில் பட்டதா ஆளில் பட்டதா, இணையத்தில் வந்த சேதி என்ன என்று பிராசஸர் கணக்குப் பார்த்து, வரைய வேண்டியவற்றின் பட்டியலை கார்டிடம் கொடுக்க வேண்டும். பட்டியல் வந்த பிறகுதான் கார்டு வரையும்.

பரோட்டாக் கடையில் ஒருவர் மாவை வீசுவார், இன்னொருவர் கல்லில் போட்டு எடுப்பார். கல்லைப் பெரிதாக மாற்றிவிட்டு, வீசுகிறவர் அதே பழைய ஆள் என்றால் பரோட்டா கூடுதலாக வந்துவிடாது. கல்லில் பாதி இடம் காலியாகக் கிடக்கும், அவ்வளவுதான். வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற ஆட்டங்களில் ஒரு படத்தை வரைவது சுலபம். வினாடிக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும் என்பதுதான் பாரம். அது வீசுகிறவர் தலையில் விழுகிறது. சைபர்பங்க் 2077 போன்ற ஆட்டத்தில் நிலைமை தலைகீழ். அங்கே பெரும்பாலும் கல்தான் போதாது. எவ்வளவு வேகமான பிராசஸர் போட்டாலும் பெரிய பயன் இருக்காது.

எது தடை என்று கண்டுபிடிக்கக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. ஆட்டத்தின் செட்டிங்ஸில் ரெசல்யூஷனை 720-க்குக் குறைத்துப் பாருங்கள். வினாடிக்கான படங்கள் ஏறினால் கார்டுதான் திணறிக்கொண்டிருந்தது. ஏறாமல் அப்படியே நின்றால் தடை பிராசஸர் பக்கம். இந்தப் பத்து நிமிஷச் சோதனையைச் செய்யாமல் யாரும் பர்ஸைத் திறக்கக் கூடாது என்பது என் கட்சி.

பிராசஸர் காட்டிய அந்த நாற்பது சதவீதத்துக்கு வருவோம். 2600-ல் ஆறு கோர்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு இழைகள், ஆகப் பன்னிரண்டு. டாஸ்க் மேனேஜர் காட்டுவது பன்னிரண்டின் சராசரி. ஒரே ஓர் இழை மூச்சுமுட்ட ஓடினாலும் அதன் பங்கு எட்டு சதவீதமாகத்தான் தெரியும். வகுப்பின் சராசரி மார்க்கைப் பார்த்து எவன் சென்டம் வாங்கினான் என்று சொல்ல முடியாது, இல்லையா? ஆட்டங்களில் பெரும்பாலும் ஒரு முக்கிய இழை இருக்கும். மற்றவை அதன் முடிவுக்குக் காத்திருக்கும்.

அப்படியானால் பன்னிரண்டு கோர், பதினாறு கோர் பிராசஸர் வாங்கினால்? ஜீன் ஆம்டால் என்ற கணினிப் பொறியாளர் 1967-லேயே இதற்குக் கணக்குச் சொல்லிவிட்டார். ஒரு வேலையில் பிரித்துக் கொடுக்க முடியாத பகுதி எவ்வளவோ, அதுதான் மொத்த வேகத்துக்கும் எல்லை. பத்தில் ஆறு பங்கைப் பிரித்துக் கொடுக்கலாம், நாலு பங்கு ஒரே ஆள்தான் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆறு கோர் போட்டால் வேலை சரியாக இரண்டு மடங்கு வேகமாகும். பன்னிரண்டு போட்டால்? 2.2 மடங்கு. இன்னும் ஆறு கோருக்குக் கொடுத்த காசு எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். வீடியோ எடிட்டிங் செய்கிறவருக்குக் கோர் எண்ணிக்கை உதவும். பட்ஜெட் கேமிங்குக்கு இன்றைய நிலையில் ஆறு கோர் போதும்.

கோர் இல்லை என்றால் கிகாஹெர்ட்ஸ் என்பார்கள். அதிலும் கதை முடிந்து இருபது வருஷம் ஆகிறது. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் அதே அளவுக்கு மின்னழுத்தமும் குறையும், சூடு கூடாமல் வேகம் கூடும் என்று 1974-ல் ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். முப்பது வருஷம் அந்த விதி கைகொடுத்தது. பிறகு டிரான்சிஸ்டர்கள் மின்சாரத்தைக் கசியவிடும் அளவுக்குச் சிறுத்துவிட்டன. 2004-ல் இன்டெல் தன் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தையே கைவிட்டது. இன்றும் பட்ஜெட் பிராசஸர்கள் அந்த எல்லையைக் கொஞ்சம் தாண்டித்தான் நிற்கின்றன. ரைசன் 5 2600-ன் உச்சம் 3.9. அதே போர்டில் பொருந்தும் ரைசன் 5 5600-ன் உச்சம் 4.4. வெறும் பதின்மூன்று சதவீதம்.

ஆனால் விளையாடிப் பார்த்தால் வித்தியாசம் அதைவிட நன்றாகவே அதிகம். காரணம் பெரும்பாலும் காத்திருப்பில் இருக்கிறது.

4 கிகாஹெர்ட்ஸ் சிப்பின் ஒரு துடிப்பு கால் நானோவினாடி. அந்த நேரத்தில் ஒளிகூட ஏழரை சென்டிமீட்டர்தான் போகும். ராமில் இருக்கும் ஒரு தகவல் கையில் கிடைக்கவோ எழுபது, எண்பது நானோவினாடி ஆகிறது. அதாவது சுமார் முந்நூறு துடிப்பு. பரோட்டாக் கடைக்கே திரும்புவோம். ஒரு வீச்சுக்கு ஒரு வினாடி என்றால், கிடங்குக்குப் போய் மாவு எடுத்துவர ஐந்து நிமிஷம். ஒவ்வோர் உருண்டைக்கும் இப்படி நடந்தால் மாஸ்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்து என்ன புண்ணியம்?

அதனால்தான் சிப்புக்குள்ளேயே கேஷ் என்ற சின்ன நினைவகம் வைக்கிறார்கள். மாஸ்டருக்குப் பக்கத்திலேயே ஈரத்துணி போட்டு மூடிய மாவுத் தட்டு அது. மூன்றாம் நிலைக் கேஷில் கிடைத்தால் முக்கால் நிமிஷத்தில் வேலை முடிந்தது, கிடங்குக்கு ஓட வேண்டாம். 2600-ல் இது 16 எம்பி. அதுவும் இரண்டு எட்டாகப் பிரிந்து கிடக்கிறது. மூன்று கோர் ஒரு பக்கம், மூன்று கோர் மறுபக்கம். 5600-ல் 32 எம்பி, ஒரே தட்டு, ஆறு கோருக்கும் பொது. ஒரு கோர் பக்கத்தில் கைக்கெட்டும் தட்டு நான்கு மடங்கு பெரிதாகிவிட்டது. உள்ளமைப்பும் மாறியதால் ஒவ்வொரு துடிப்பிலும் நடக்கும் வேலையும் கூடியிருக்கிறது. இவற்றில் எதுவும் கிகாஹெர்ட்ஸ் எண்ணில் தெரியாது.

கேஷின் மகிமைக்கு இதைவிட நல்ல சாட்சி 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி. சிப்பின் தலைமேல் இன்னொரு 64 எம்பி நினைவகச் சில்லை மாடி கட்டுவது போல ஒட்டி, மொத்தம் 96 எம்பி ஆக்கினார்கள். மாடி கட்டியதால் சூடு வெளியேறுவது கஷ்டமாகி, உச்ச வேகத்தை 4.7-லிருந்து 4.5-ஆகக் குறைக்க வேண்டிவந்தது. வேகம் குறைந்த அந்தச் சிப் பெரும்பாலான ஆட்டங்களில் தன் அண்ணன் 5800எக்ஸை ஓரங்கட்டியது.

பையனும் உடனே அதைத்தான் கேட்டான். வேண்டாம் என்றேன். அது இப்போது எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அவனுடைய கார்டுக்கு அந்த விலை அதிகம். கல் அளவுக்குத்தான் மாஸ்டர்.

வாங்கும்போது பெயரில் ஏமாறக் கூடாது. 5500, 5600, 5600ஜி, 5600ஜிடி என்று அண்ணன் தம்பி மாதிரி வரிசையாக நிற்கும். எல்லாம் ஆறு கோர். ஆனால் 5600-ல் மட்டும்தான் 32 எம்பி கேஷ். மற்ற மூன்றிலும் பாதி. ஜி, ஜிடி இரண்டிலும் கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. தனிக் கார்டு இல்லாதவருக்கு அது வரப்பிரசாதம், வைத்திருப்பவருக்கு வீண். சென்னை ரிச்சி தெருவில் பெட்டி இல்லாத ட்ரே பிராசஸர் கொஞ்சம் விலை குறைத்துக் கிடைக்கும். பெட்டியோடு வரும் 5600-ல் விசிறியும் இருக்கும், வாரண்டிக்குப் பில்லும் இருக்கும். நான் பெட்டி கட்சி.

2019-ல் வாங்கிய போர்டில் 2022-ல் வந்த சிப் பொருந்துகிறதே, அது சாதாரண விஷயமில்லை. ஏஎம்4 என்ற இந்தச் சாக்கெட்டில் ரைசன் முதலில் வந்தது 2017-ல். அதே வருஷம் இன்டெல் தன் எட்டாம் தலைமுறையைக் கொண்டுவந்தபோது, சாக்கெட்டில் அதே 1151 தொடுமுனைகள் இருந்தும் பழைய போர்டில் வேலை செய்யாது என்று சொல்லிவிட்டது. ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி மட்டும் புனிதர் என்று நினைக்க வேண்டாம். புதிய தலைமுறை பி450 போர்டுகளில் வராது என்று 2020 மே மாதம் அவர்களும்தான் அறிவித்தார்கள். கம்ப்யூட்டரை எழுப்பும் பயாஸ் மென்பொருள் இருக்கும் சிப்பில் இடம் போதாது என்பது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. வாடிக்கையாளர்கள் கொதித்தெழ, இரண்டே வாரத்தில் முடிவு மாறியது. 2022-ல் அதற்கும் முந்தைய 300 வரிசைப் போர்டுகளுக்கும் கதவு திறந்தது.

எட்டு, ஒன்பதாம் தலைமுறை இன்டெல் வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை வேறு. அந்தப் போர்டில் பொருந்தும் பழைய ஐ7-களுக்கு இரண்டாம் கைச் சந்தையில் சொல்லும் விலை நியாயமே இல்லை. ஐ5-12400எஃப்பும், டிடிஆர்4 ராம் ஏற்கும் ஒரு போர்டும் வாங்கிப் பழைய ராமையே பயன்படுத்தலாம். ஏஎம்டியின் அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-க்குப் போனால் டிடிஆர்5 கட்டாயம். 2025-ன் பிற்பகுதியில் ஏஐ தரவு மையங்கள் மெமரி சிப்புகளை வாரிக்கொண்டு போனதில் ராம் விலை எங்கேயோ போய்விட்டது.

ராம் என்றதும் ஞாபகம் வருகிறது. பையனின் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு 8 ஜிபி குச்சிதான் இருந்தது. பட்ஜெட் மெஷின்களில் இது வழக்கமான கூத்து. இரண்டு குச்சி போட்டால் இரண்டு வழியாகத் தகவல் வரும். டிடிஆர்4 3200-ல் வினாடிக்கு 25.6 ஜிபி என்பது 51.2 ஆகும். அதைவிடக் கொடுமை, 3200 என்று எழுதியிருந்த அந்தக் குச்சி 2400-ல் ஓடிக்கொண்டிருந்தது. பயாஸில் எக்ஸ்எம்பி என்ற வசதியை யாரும் இயக்கவில்லை. இத்தனை வருஷமும்! அதை இயக்கக் காலணா செலவில்லை. பழைய சிப்பிலேயே திக்கல் கொஞ்சம் குறைந்தது.

பிறகுதான் 5600 வாங்கினோம். நானே போய் மாட்டிக் கொடுத்தேன். ஏஎம்4-ல் ஊசிகள் பிராசஸரின் அடியில் இருக்கும், மொத்தம் 1331. அதற்கும் விசிறிக்கும் நடுவில் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட் பசை மாதிரி பிடித்துக்கொள்ளும். ஒருமுறை நண்பர் வீட்டில் விசிறியை நேராக மேலே இழுத்து, பிராசஸரும் பல் பிடுங்கியது போலக் கூடவே வந்து, வளைந்த நாலு ஊசியைப் பென்சில் முனையால் நிமிர்த்திய அனுபவம் எனக்கு உண்டு. இப்போது அப்படிச் செய்வதில்லை. அரை மணி நேரம் ஆட்டத்தை ஓடவிட்டுச் சூடாக்குவேன். அணைத்து, ஒயரைக் கழற்றி, விசிறியை இடமும் வலமும் மெல்லத் திருகுவேன். பேஸ்ட் இளகிக் கழன்று வரும்.

பையனின் கார்டு இப்போது தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் உழைக்கிறது. பழைய 2600-ஐ வகுப்புத் தோழன் ஒருவன் வாங்கிக்கொண்டான்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதீர்கள். பயாஸைப் பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே புதுப்பித்துவிட வேண்டும். பழைய பயாஸுக்குப் புதுச் சிப் யாரென்றே தெரியாது. திரை இருட்டாகவே கிடக்கும். புதுப்பிக்கும் அந்த ஐந்து நிமிஷத்தில் கரண்ட் போனால் போர்டே போய்விடலாம். யுபிஎஸ் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கடன் வாங்கியாவது வைத்துக்கொள்ளுங்கள்.