தொடக்கநிலைச் சதுரங்கப் பயிற்சி

தொடக்கநிலைச் சதுரங்கப் பயிற்சி என்பது, காய்களை நகர்த்தும் விதிகளை மட்டும் அறிந்த ஒருவர், பெரும் பிழைகள் இன்றி ஒரு முழு ஆட்டத்தை ஆடும் நிலையை அடைவதற்காக மேற்கொள்ளும் பயிற்சி ஆகும். புதிதாக ஆடுவோர் பலர் திறப்பாட்ட நகர்வுகளை மனப்பாடம் செய்வதில் காலத்தைச் செலவிடுகின்றனர். ஆனால் இவர்களின் ஆட்டங்களில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் பாதுகாப்பின்றி விடப்பட்ட காய்களும், கவனிக்கப்படாத ஒரு நகர்வு அச்சுறுத்தல்களுமே ஆகும். எனவே, இப்பிழைகளைக் குறைப்பதே விரைவான முன்னேற்றத்துக்கு உரிய முதல் வழியாகும்.

காய்களும் குறியீடும்

இக்கட்டுரையில் அரசன், அரசி (ராணி), கோட்டை (யானை), அமைச்சர் (மந்திரி), குதிரை, காலாள் (சிப்பாய்) என்னும் பெயர்கள் பயன்படுத்தப்படுகின்றன. பலகையின் செங்குத்து வரிசைகள் வெள்ளையின் இடப்புறத்திலிருந்து ஏ முதல் எச் வரையும், கிடை வரிசைகள் வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரையும் பெயரிடப்படுகின்றன. வெள்ளை அரசன் ஆட்டத்தைத் தொடங்கும் கட்டம் இ1 ஆகும்.

காய்களின் ஒப்பீட்டு மதிப்பு வழக்கமாகக் காலாளுக்கு 1, குதிரைக்கும் அமைச்சருக்கும் தலா 3, கோட்டைக்கு 5, அரசிக்கு 9 எனக் கொள்ளப்படுகின்றது. இது ஆட்ட விதி அன்று. ஒரு காயைக் கொடுத்து மற்றொன்றைக் கைப்பற்றுவது இலாபமா நட்டமா என்பதை மதிப்பிட உதவும் அளவுகோல் மட்டுமே.

ஒரு நகர்வுப் பிழை

எதிராளியின் அடுத்த நகர்விலேயே ஒரு காயையோ ஆட்டத்தையோ இழக்கச் செய்யும் நகர்வை ஒரு நகர்வுப் பிழை எனலாம். இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு 2006 நவம்பரில் செருமனியின் பான் நகரில் நிகழ்ந்தது. அப்போதைய உலக வெற்றியாளர் விளாடிமிர் கிராம்னிக், டீப் ஃபிரிட்ஸ் என்னும் கணினி நிரலுடன் ஆடிய இரண்டாவது ஆட்டத்தில், தமது 34ஆவது நகர்வாக அரசியை இ3 கட்டத்துக்கு நகர்த்தினார். உடனே கணினியின் அரசி எச்7 கட்டத்துக்கு வந்து இறுதி முற்றுகை இட்டது. உலக வெற்றியாளருக்கு இது மிக அரிதாக நிகழ்வது. தொடக்கநிலை ஆட்டக்காரருக்கோ ஒரே ஆட்டத்தில் பலமுறை நிகழ்வது. இருவருக்கும் உள்ள வேறுபாட்டில் ஒரு பெரும்பகுதி இதுவே.

பள்ளி மாணவர்களிடையே பரவலாகக் காணப்படும் நான்கு நகர்வு முற்றுகையும் இவ்வகையைச் சார்ந்தது. வெள்ளை தன் காலாளை இ4 கட்டத்துக்கும் கறுப்பு தன் காலாளை இ5 கட்டத்துக்கும் நகர்த்துகின்றன. அடுத்து வெள்ளை அமைச்சர் சி4 கட்டத்துக்கும், கறுப்புக் குதிரை சி6 கட்டத்துக்கும் வருகின்றன. பின்னர் வெள்ளை அரசி எச்5 கட்டத்துக்கு வருகின்றது. இப்போது எஃப்7 கட்டத்தில் உள்ள காலாளை வெள்ளையின் இரு காய்கள் தாக்குகின்றன; அதைக் காப்பது கறுப்பு அரசன் மட்டுமே. அரசியை விரட்டும் எண்ணத்தில் கறுப்பு தன் மற்றொரு குதிரையை எஃப்6 கட்டத்துக்குக் கொண்டுவந்தால், வெள்ளை அரசி எஃப்7 காலாளைக் கைப்பற்றி ஆட்டத்தை முடித்துவிடும்.

அவ்விடத்தில் ஜி7 காலாளை ஜி6 கட்டத்துக்கு நகர்த்துவதே போதுமானது. வெள்ளை அரசி எஃப்3 கட்டத்துக்குப் பின்வாங்கி மீண்டும் அச்சுறுத்தினால், அப்போது குதிரை எஃப்6 கட்டத்துக்கு வந்து வழியை மறித்துவிடும். முதல் முறை ஆட்டத்தை இழக்கச் செய்த அதே குதிரை நகர்வு, இம்முறை ஆட்டத்தைக் காக்கின்றது. நகர்வுகளை மனப்பாடம் செய்தவருக்கு இவ்வேறுபாடு குழப்பம் தரும். எது தாக்கப்படுகின்றது என்று பார்ப்பவருக்குக் குழப்பம் இல்லை.

நகர்வுக்கு முன்னான சரிபார்ப்பு

ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னர்ப் பின்வரும் கேள்விகளைக் கேட்டுக்கொள்ளும் பழக்கம் பெரும்பாலான ஒரு நகர்வுப் பிழைகளைத் தவிர்க்கின்றது.

1. எதிராளி இப்போது செய்த நகர்வின் நோக்கம் என்ன? அது எந்தக் காயைத் தாக்குகின்றது?
2. நகர்த்தவுள்ள காய் சென்றடையும் கட்டத்தில் அது கைப்பற்றப்படுமா?
3. அக்காய் இடம்பெயர்வதால் பாதுகாப்பை இழக்கும் காய் எது?
4. இந்நகர்வுக்குப் பின் எதிராளி முற்றுகையிடவோ, ஒரு காயைக் கைப்பற்றவோ இயலுமா?

முதலில் இச்சரிபார்ப்பு ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கும். எனவே தொடக்கத்தில் ஒருவருக்கு 15 நிமிடத்துக்குக் குறையாத ஆட்டங்களை ஆடுவது நன்று. மூன்று நிமிட விரைவு ஆட்டங்களில் இப்பழக்கம் படிவதற்குக் காலம் போதாது.

அமைப்புகளை இனங்காணல்

திறமையான ஆட்டக்காரர்களின் நினைவாற்றல் குறித்து, நெதர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் அட்ரியான் டி குரூட்டின் ஆய்வைத் தொடர்ந்து, வில்லியம் சேசு, ஹெர்பர்ட் சைமன் ஆகியோர் 1973ஆம் ஆண்டில் ஒரு சோதனையை வெளியிட்டனர். உண்மையான ஆட்டம் ஒன்றின் நிலை 5 நொடிகள் காட்டப்பட்டபோது, தேர்ந்த ஆட்டக்காரர் ஏறத்தாழ 16 காய்களையும், தொடக்கநிலையினர் ஏறத்தாழ 4 காய்களையும் சரியாக நினைவுகூர்ந்தனர். காய்களை ஒழுங்கின்றிப் பரப்பிக் காட்டியபோது இவ்வேறுபாடு ஏறத்தாழ மறைந்துவிட்டது. இது மிகச் சிலரே பங்குபற்றிய சிறிய ஆய்வாயினும், தேர்ந்தவரின் வலிமை பொதுவான நினைவாற்றலில் அன்றி, பழகிய அமைப்புகளை இனங்காண்பதில் உள்ளது என்னும் கருத்துக்கு வித்திட்டது.

ஆகவே எளிய அமைப்புகளைத் திரும்பத் திரும்பக் காண்பது பயன் தரும். அவற்றுள் முதன்மையானவை:

கவை: ஒரே காய் ஒரே நேரத்தில் இரு காய்களைத் தாக்குதல். சி7 கட்டத்துக்கு வரும் வெள்ளைக் குதிரை, இ8 கட்டத்தில் உள்ள அரசனையும் ஏ8 கட்டத்தில் உள்ள கோட்டையையும் ஒருசேரத் தாக்கும். அரசன் விலக வேண்டியிருப்பதால் கோட்டை பறிபோகும்.

செருகி: தாக்கப்படும் காய், தன் பின்னால் உள்ள அரசனைக் காட்டிக்கொடுக்காமல் விலக இயலாத நிலை. டி7 கட்டம் வெறுமையாக இருக்கும்போது பி5 கட்டத்தில் உள்ள வெள்ளை அமைச்சர், சி6 குதிரையை இ8 அரசனுடன் இவ்வாறு பிணைக்கின்றது.

கடைவரிசை முற்றுகை: ஜி8 கட்டத்தில் உள்ள அரசனை எஃப்7, ஜி7, எச்7 கட்டங்களில் உள்ள அதன் காலாள்களே அடைத்திருக்க, எதிராளியின் கோட்டை எட்டாம் வரிசைக்கு வந்து இடும் இறுதி முற்றுகை.

இவற்றைப் பற்றிய எளிய புதிர்களை நாள்தோறும் 15 அல்லது 20 நிமிடங்கள் தீர்ப்பது, வாரம் ஒருமுறை பல மணிநேரம் தீர்ப்பதைவிட நன்று. விடையை ஊகித்துக் காயை நகர்த்திப் பார்க்காமல், முழுவதையும் மனத்தில் கண்ட பின்னரே நகர்த்துதல் வேண்டும்.

இறுதியாட்டம்

1921 முதல் 1927 வரை உலக வெற்றியாளராக இருந்த கியூபாவின் ஓசே ரவுல் கப்பபிளாங்கா, 1921இல் வெளியான தமது செஸ் ஃபண்டமென்டல்ஸ் என்னும் நூலை எளிய இறுதி முற்றுகைகளுடன் தொடங்கினார். காய்கள் குறைவாக உள்ளபோது ஒவ்வொரு காயின் ஆற்றலும் தெளிவாகத் தெரிகின்றது என்பது இம்முறையின் நன்மை.

அரசியும் அரசனும் சேர்ந்து தனி அரசனை அதிகபட்சம் 10 நகர்வுகளிலும், கோட்டையும் அரசனும் சேர்ந்து அதிகபட்சம் 16 நகர்வுகளிலும் இறுதி முற்றுகை இடலாம். இதை அறியாதவர், வென்ற ஆட்டத்தையும் சமனாக்கிவிடுவதுண்டு. எதிராளியின் அரசன் முற்றுகையில் இல்லாமலும், விதிப்படி நகர்த்த எதுவும் இல்லாமலும் போனால் ஆட்டம் சமன் ஆகும். அரசி கையில் இருக்கும்போது இப்பிழை எளிதில் நேர்கின்றது.

அடுத்ததாக, அரசனும் ஒரு காலாளும் உள்ள இறுதியாட்டத்தைக் கற்கவேண்டும். வெள்ளை அரசன் இ6, வெள்ளைக் காலாள் இ5, கறுப்பு அரசன் இ8 கட்டங்களில் இருந்தால், யார் நகர்த்த வேண்டியிருப்பினும் வெள்ளை வெல்லும். அரசன் காலாளுக்கு முன்னால் நடக்கவேண்டும் என்பது இதன் பாடம். ஏ, எச் ஆகிய ஓர வரிசைக் காலாள்களுக்கு இது பொருந்தாது.

இவ்வகை அறிவின் மதிப்பை 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலக வெற்றியாளர் போட்டி காட்டியது. சென்னையைச் சேர்ந்த குகேஷ், சீனாவின் டிங் லிரென் ஆகியோர் 6.5 புள்ளிகளுடன் சமநிலையில் இருந்தபோது 14ஆவது ஆட்டம் நடந்தது. சமனை நோக்கிச் சென்ற இறுதியாட்டத்தில், 55ஆவது நகர்வாக டிங் தமது கோட்டையை எஃப்2 கட்டத்துக்கு நகர்த்தினார். குகேஷ் முதலில் கோட்டைகளையும் பின்னர் அமைச்சர்களையும் மாற்றிக்கொண்டார். எஞ்சியது அரசர்களும் காலாள்களும் மட்டுமே. குகேஷிடம் ஒரு காலாள் கூடுதலாக இருந்தது. 58ஆவது நகர்வுக்குப் பின் டிங் தோல்வியை ஒப்புக்கொள்ள, குகேஷ் தமது 18ஆவது வயதில் உலக வெற்றியாளர் ஆனார்.

திறப்பாட்டம்

தொடக்கநிலையில் மூன்று கொள்கைகள் போதுமானவை. காலாள்களைக் கொண்டு பலகையின் நடுப்பகுதியைப் பிடித்தல். குதிரைகளையும் அமைச்சர்களையும் விரைவில் வெளிக்கொணர்தல். கோட்டை கட்டி அரசனைப் பாதுகாத்தல். காரணமின்றி ஒரே காயை மீண்டும் மீண்டும் நகர்த்துவதும், அரசியை மிக முன்னதாக வெளிக்கொணர்வதும் தவிர்க்கத்தக்கவை.

ஆட்டங்களை ஆராய்தல்

ஆடிய ஆட்டங்களை, குறிப்பாகத் தோற்றவற்றை, பதிவு செய்து மீண்டும் பார்ப்பது பயிற்சியின் இன்றியமையாத பகுதியாகும். ஸ்டாக்ஃபிஷ் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் பிழையான நகர்வுகளை நொடியில் காட்டிவிடும். ஆயினும் அவை சிறந்த நகர்வைத் தெரிவிக்குமே அன்றி, ஆடியவர் அதை ஏன் காணவில்லை என்பதைத் தெரிவிப்பதில்லை. எனவே முதலில் தாமாகவே பிழையைத் தேடி, மேற்கூறிய நான்கு கேள்விகளுள் எதைக் கேட்கத் தவறியதால் அது நேர்ந்தது எனக் குறித்துக்கொண்டு, அதன் பின்னரே கணினியின் துணையை நாடுவது நன்று. பல ஆட்டங்களில் ஒரே கேள்வி தொடர்ந்து குறிக்கப்பட்டால், அடுத்த பயிற்சி எதில் அமையவேண்டும் என்பது தானே விளங்கும்.