கூச்சப்படாமல் கேட்ட டாக்டர் மோஷர்

1892-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த கிளெலியா டூயெல் மோஷரை, அங்கிருந்த தாய்மார் சங்கத்தினர் மணவாழ்க்கை பற்றிப் பேச அழைத்தார்கள். அவருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை; கல்யாணமும் ஆகவில்லை. நாலு புத்தகத்தைப் புரட்டி உபதேசம் செய்துவிட்டு வந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒரு கேள்வித்தாளைத் தயாரித்து, மணமான பெண்களிடமே கொடுத்துவிட்டார். மாதவிடாய் எப்படி இருக்கிறது, எத்தனை பிரசவம், கல்யாணத்துக்கு முன் தாம்பத்தியம் பற்றி என்ன தெரிந்திருந்தது, உறவில் விருப்பம் உண்டா, உச்சநிலை அனுபவம் உண்டா, கருத்தடைக்கு என்ன செய்கிறீர்கள் என்று ஒளிவுமறைவில்லாமல் நேராகக் கேட்கும் தாள் அது.

பெண்களின் பாலியல் வாழ்வைப் பற்றி அமெரிக்காவில் நடந்த மிகப் பழைய ஆய்வாக அறியப்படுவது இதுதான். பாலியல் ஆய்வு என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் ஆல்ஃபிரட் கின்ஸி பிறந்ததே 1894-இல்.

கேட்காமலே எழுதியவர்கள்

அந்தக் காலத்து மருத்துவர்கள் இதைப் பற்றி எழுதவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். நிறையவே எழுதினார்கள். லண்டன் மருத்துவர் வில்லியம் ஆக்டன் 1857-இல் வெளியிட்ட நூல் பல பதிப்புகள் கண்டது. பெரும்பாலான பெண்களுக்குப் பாலுணர்வு ஒரு பொருட்டே இல்லை என்பது அவர் தீர்ப்பு. எத்தனை பெண்களைக் கேட்டு இந்த முடிவுக்கு வந்தார் என்பதற்குக் கணக்கு எதுவும் கிடையாது.

அமெரிக்காவில் எட்வர்ட் கிளார்க் என்ற ஹார்வர்டு மருத்துவர் 1873-இல் இன்னும் ஒரு படி மேலே போனார். வயதுக்கு வந்த பெண்கள் ஆண்களுக்கு நிகராக மூளையைக் கசக்கிப் படித்தால், இனப்பெருக்க உறுப்புகளுக்குப் போக வேண்டிய சக்தி மூளைக்குப் போய்விடும், உடம்பு கெட்டுவிடும் என்றார். பெண் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பத் தயங்கிய பெற்றோருக்கு இது நல்ல சாக்காக அமைந்தது.

1886-இல் ரிச்சர்ட் ஃபான் கிராஃப்ட் எபிங் எழுதிய நூலைத்தான் பாலியல் அறிவியலின் தொடக்கம் என்று பலர் குறிப்பிடுவார்கள். அவர் மனநல மருத்துவர். நீதிமன்ற வழக்குகள், மனநல விடுதிகள் ஆகியவற்றிலிருந்து அவருக்குக் கிடைத்தவர்களின் கதைகளே அந்த நூலில் அதிகம். பொதுமக்கள் படித்துவிடக் கூடாதென்று சில பகுதிகளை லத்தீனில் எழுதினார். அவருடைய பங்களிப்பைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் நோயையும் குற்றத்தையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், சாதாரணக் குடும்பத்தில் சாதாரணமாக நடப்பது என்ன என்பது கடைசி வரை தெரியாமலே போய்விடும். மோஷர் கேட்டது அந்தச் சாதாரணத்தைத்தான்.

இறுகிய இடுப்பு, ஏழு கிலோ பாவாடை

மோஷர் 1863-இல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் பிறந்தவர், தந்தை மருத்துவர். கல்லூரிப் படிப்புக்கு அவரே உழைத்துப் பணம் சேர்க்க வேண்டியிருந்தது. விஸ்கான்சினிலிருந்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போய் 1893-இல் பட்டமும் மறு ஆண்டே முதுகலையும் முடித்தார். அந்த முதுகலை ஆய்வே ஒரு பழைய நம்பிக்கையை உடைத்தது. ஆண்கள் வயிற்றால் மூச்சு விடுகிறார்கள், பெண்கள் நெஞ்சால் மூச்சு விடுகிறார்கள், இது இயற்கை வகுத்த வேறுபாடு என்று பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. மோஷர் அளந்து பார்த்தார். பெண்களும் உதரவிதானத்தை, அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள தசைத் திரையை, இயக்கித்தான் மூச்சு விடுகிறார்கள். இடுப்பை இறுக்கிய கார்செட் அந்தத் தசையை அசையவிடாமல் பிடித்து வைத்திருந்தது, அவ்வளவுதான். உடுப்பு செய்த வேலையை இயற்கையின் தலையில் கட்டியிருந்தார்கள்.

அடுத்து மாதவிடாய்க்கு வந்தார். மாதத்தில் சில நாட்கள் பெண் நோயாளிதான், படுத்தே கிடக்க வேண்டும் என்பது அன்றைய பொதுக் கருத்து. மாணவிகளை ஒவ்வொரு மாதமும் தொடர்ந்து குறிப்பெடுக்க வைத்தார் மோஷர். எப்போதோ வந்த வலியை நினைவிலிருந்து சொன்னால் மிகையாகலாம், மறந்தும் போகலாம். அன்றன்றைக்கு எழுதியது நம்பகமானது. உடுப்பையும் அவர் விடவில்லை. 1890-களில் ஒரு மாணவியின் பாவாடையும் உள்பாவாடைகளும் சேர்ந்து 15 பவுண்டு வரை கனத்தன. ஏறக்குறைய 7 கிலோ, அத்தனையும் இடுப்பிலிருந்து தொங்கும்! பின்னாளில் பாவாடை குட்டையாகி, இடுப்பின் இறுக்கம் தளர்ந்து, பெண்கள் விளையாடவும் தொடங்கியபோது வலி குறைந்ததைத் தம் குறிப்பேடுகளிலிருந்தே காட்டினார். இறுக்கமான உடை, அசைவில்லாத வாழ்க்கை, வலி வந்தே தீரும் என்று சிறு வயதிலிருந்து ஊட்டப்பட்ட பயம் ஆகியவற்றையே காரணமாகச் சொன்னார்.

எல்லா வலிக்கும் இவைதான் காரணம் என்று இன்று சொல்ல முடியாது. கருப்பை உட்சுவரில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் கருப்பைத் தசையை இறுகச் செய்வதால்தான் வழக்கமான மாதவிடாய் வலி வருகிறது. இது பின்னாளில் தெரிந்த செய்தி. ஆனாலும் மாதவிடாய் ஒரு நோயல்ல என்று அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாரே, அது அன்றைக்குப் பெரிய காரியம்.

படுத்தபடி ஒரு பயிற்சி

வலிக்கு அவர் சொல்லிக் கொடுத்த பயிற்சி மிக எளியது. காற்றோட்டமான அறையில் உடையைத் தளர்த்திக்கொண்டு மல்லாந்து படுக்க வேண்டும். முழங்கால்களை மடக்கி, ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொள்ள வேண்டும். மூச்சை இழுக்கும்போது கை மேலே எழ வேண்டும். விடும்போது வயிற்றுத் தசை சுருங்கிக் கை கீழே இறங்க வேண்டும். காலையிலும் இரவிலும் பத்துப் பத்து முறை. இதைச் செய்வதற்கு அவர் பெயரையே வினைச்சொல்லாக்கி வழங்கினார்களாம் அன்றைய அமெரிக்கப் பெண்கள்.

ஒழுங்கான உடற்பயிற்சி மாதவிடாய் வலியைக் குறைக்க உதவும் என்பதை இன்றைய மருத்துவமும் ஏற்கிறது. வெந்நீர் ஒத்தடமும் உதவும். வலி மாத்திரை தேவைப்பட்டால் டாக்டரிடம் கேட்டுச் சாப்பிடலாம்; வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் சாப்பிடவே கூடாது.

45 பேர் எழுதிய பதில்

மோஷர் 1900-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். சில ஆண்டுகள் தனியாக மருத்துவம் பார்த்துவிட்டு, 1910-இல் மாணவிகளுக்கான மருத்துவ ஆலோசகராக ஸ்டான்ஃபோர்டுக்கே திரும்பினார். இவ்வளவுக்கும் இடையில் அந்தக் கேள்வித்தாளை அவர் கைவிடவில்லை. 1920 வரை 45 பெண்கள் பதில் எழுதியிருந்தார்கள். பெரும்பாலானோர் 1870-க்கு முன் பிறந்தவர்கள். ஆக்டன் 'உணர்வே இல்லாதவர்கள்' என்று எழுதிவைத்த அதே தலைமுறையை ஒட்டி வந்தவர்கள்.

பதில்கள் வேறு கதை சொல்கின்றன. 45 பேரில் 35 பேர் தங்களுக்கு உறவில் விருப்பம் உண்டு என்றார்கள். 34 பேருக்கு உச்சநிலை அனுபவம் இருந்தது. உறவு பிள்ளை பெறுவதற்கு மட்டுமல்ல, இருவருடைய இன்பத்துக்கும்தான் என்று பலர் எழுதினார்கள். கருத்தடைச் செய்திகளைத் தபாலில் அனுப்புவதே குற்றம் என்று 1873-இலேயே சட்டம் போட்ட நாட்டில், இவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு கருத்தடை முறையைக் கையாண்டு வந்தார்கள். கல்யாணத்துக்கு முன் விவரம் எதுவுமே தெரியாது என்று எழுதியவர்களும் ஏராளம். கணவன்மார்களுக்குச் சரியாகக் கற்றுத்தரப்படவில்லை என்று ஒரு பெண் குறை சொல்லியிருக்கிறார். அந்தக் குறை இன்னும் தீர்ந்தபாடில்லை.

இந்த எண்ணிக்கையை வைத்து அன்றைய பெண்கள் அனைவரும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. 45 பேர் என்பது சிறு தொகை. அவர்களில் பெரும்பாலோர் படித்த, வசதியான குடும்பத்துப் பெண்கள். என்றாலும், ஒருவரையும் கேட்காமல் சொன்ன தீர்ப்பைவிட 45 பேரைக் கேட்டுக் கிடைத்த பதில் எவ்வளவோ மேல்.

பெட்டிக்குள் கிடந்த தாள்கள்

இந்த ஆய்வை மோஷர் வெளியிடவே இல்லை. இதற்கிடையே ஐரோப்பாவில் பாலியல் அறிவியல் தனித் துறையாக வளர்ந்தது. பெர்லினில் 1919-இல் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் தொடங்கிய பாலியல் ஆய்வு நிறுவனம் புகழ்பெற்றது. 1933-இல் நாஜிகள் அதைச் சூறையாடி நூல்களைக் கொளுத்தினார்கள். கின்ஸியின் பெண்கள் பற்றிய நூல் 1953-இல் வந்து உலகத்தைப் புரட்டிப்போட்டது. மோஷரோ 1940-இல் காலமாகிவிட்டார். கார்ல் டெக்லர் என்ற வரலாற்றுப் பேராசிரியர் 1973-இல் ஸ்டான்ஃபோர்டு ஆவணக் காப்பகத்தில் மோஷரின் தாள்களைப் புரட்டியபோதுதான் இந்த ஆய்வு வெளிச்சத்துக்கு வந்தது. 1980-இல் நூலாகவும் அச்சேறியது.

டாக்டரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டியவை

நம் ஊர்ச் சுவரொட்டிகளில் 'வாலிப வயோதிக அன்பர்களே' என்று அழைக்கும் விளம்பரங்களைப் பார்க்காதவர் இருக்க முடியாது. பயமுறுத்திப் பணம் பறிக்கும் அந்தக் கூட்டம்கூட ஆண்களைத்தான் கூப்பிடுகிறது. பெண்ணுக்கும் தாம்பத்தியத்தில் பிரச்சினை வரும், அதற்கு வைத்தியம் உண்டு என்று சொல்ல ஆளில்லை.

மாதவிடாய் வலியால் ஒவ்வொரு மாதமும் பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியவில்லை என்றால் அது சகித்துக்கொள்ள வேண்டிய வலி அல்ல. மாத்திரைக்கு அடங்காத வலி, மிகுந்த உதிரப்போக்கு, உறவின்போது வலி ஆகியவை இருந்தால் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) அல்லது கருப்பையில் நார்த்திசுக் கட்டி இருக்கலாம். மகளிர் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். கல்யாணமான புதிதில் உறவு கொள்ள முடியாதபடி பிறப்புறுப்புத் தசைகள் தாமாக இறுகிக்கொள்வதும் உண்டு. பெண்ணைக் குற்றம் சொல்லி ஆவதொன்றுமில்லை. பயிற்சியாலும் ஆலோசனையாலும் குணமாகும். மாதவிடாய் நின்ற பிறகு வரும் வறட்சிக்கும் எரிச்சலுக்கும் களிம்புகள் இருக்கின்றன. ஆண்களுக்கு விறைப்புக் குறைவது சில சமயம் சர்க்கரை நோய்க்கோ இதய நோய்க்கோ முன்னறிவிப்பாக இருக்கும். ரத்த அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரும் சில மாத்திரைகள் ஆசையைக் குறைக்கும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மூன்று மாதக் குறிப்பை எழுதி எடுத்துச் செல்லுங்கள்: மாதவிடாய் தொடங்கிய தேதி, எத்தனை நாள், வலி எந்த அளவு, என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள். துணைக்கு வந்தவர் முன்னால் பேசத் தயக்கமாக இருந்தால், தனியாகப் பேச வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.