கல்லின் கதை தாளில் ஏறும் விதம்

தருமபுரி, அரூர், செங்கம் பக்கத்து ஊர்களில் வேடியப்பன் கோயிலுக்குப் போனால், பல இடங்களில் சாமியாக நிற்பது ஒரு நடுகல். கையில் வில்லோ வாளோ ஏந்திய வீரன், உடம்பில் தைத்த அம்புகள், சில கற்களில் காலடியில் மாடுகள், தலைக்கு மேல் சில வரி வட்டெழுத்து. ஆநிரை மீட்கப் போய் மாண்டவனின் கதை அது. தகடூரை ஆண்ட அதியமான் அஞ்சி இறந்தபின் அவன் நடுகல்லுக்குப் பீலி சூட்டிக் கள் படைத்ததை ஔவையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அந்தத் தகடூர்தான் இன்றைய தருமபுரி.

ஆளுக்கொரு கேமரா இருக்கும் இந்தக் காலத்திலும், இக்கற்களைப் படிக்க வருபவர்கள் தாளும் மையும் கொண்டுவருகிறார்கள். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் விரித்து, தூரிகையால் தட்டிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் தாள் இறங்கும். ஈரம் பாதி வற்றியதும், துணிப்பந்தில் மையைத் தொட்டு மேலே ஒற்றுவார்கள். இதுதான் மைப்படி.

தாள் எப்படிக் கல்லின் வடிவத்தை வாங்கிக்கொள்கிறது? தாள் என்பது செல்லுலோஸ் நார்களின் பின்னல். அந்த நார்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். தண்ணீர் இடையில் புகுந்ததும் பிடி தளர்ந்து நார்கள் நழுவுகின்றன. தாள் வளைந்து கொடுக்கிறது. காயும்போது, இருக்கும் இடத்திலேயே புதுப் பிணைப்புகள் உண்டாகி அந்த வடிவம் நிலைத்துவிடுகிறது. மையில் இருப்பது புகைக்கரி. அது நீரில் கரையாத நுண்துகள் என்பதால், வைத்த இடத்திலேயே தங்குகிறது. ஆனால் நேரம் தவறக் கூடாது: ஈரம் மிகுந்தால் மை கசியும், அதிகம் காய்ந்தால் தாள் கல்லை விட்டு எழும்பிவிடும்.

பல நூற்றாண்டு வெயிலும் மழையும் தேய்த்த கல்லில் எழுத்தும் பாறையும் ஒரே நிறம். நேராகப் பார்க்கும் கண் நிறத்தைத்தான் முதலில் பிரிக்கிறது. நூலளவு ஆழத்தைத் தவறவிடுகிறது. மைப்பந்தோ மேட்டை மட்டும் தொட்டு, பள்ளத்தைத் தாண்டிவிடுகிறது. ஆழ வேறுபாடு கறுப்பு வெள்ளையாக மாறிவிடுகிறது. குழித்த எழுத்து வெள்ளையாகவும், புடைத்த வீரன் கறுப்பாகவும் ஒரே தாளில் வருவது எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி.

உலகின் மறுகோடியில், ஹவாய்த் தீவின் எரிமலைப் பகுதியில் வாழ்ந்த டீட்ரிச் வாரெஸ் (1939–2018) இதே கறுப்பு வெள்ளைக் கணக்கில்தான் அந்தத் தீவுகளின் தொன்மக் கதைகளைச் சொன்னார். எரிமலைத் தெய்வமான பெலேயின் கதைகளை லினோலியப் பலகையில் செதுக்கி அச்சிட்டார். செதுக்கிய இடம் வெள்ளை, விட்ட இடம் மை. ஆனால் அங்கே மை பூசிய பலகையின் முகத்தில் தாளை அழுத்துவதால் படம் இடவலம் மாறும். வலக்கை வாள் இடக்கைக்குப் போய்விடும். அதனால் செதுக்குபவர் எல்லாவற்றையும் திருப்பி நினைக்க வேண்டும். மைப்படியில் அந்தச் சிக்கல் இல்லை. தாளின் பின்புறம் கல்லைத் தொடுகிறது, மை முன்புறம் ஏறுகிறது. எழுத்து நேராகவே நிற்கிறது. மை படாததால் கல்லும் கறைபடாமல் இருக்கிறது, பூசை பெறும் கல்லுக்கு இதைவிட மரியாதையான முறையை நான் அறியேன்.

1972இல் இரா. நாகசாமி பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்' செங்கம் பகுதியின் வீரர்களைப் பெயரோடு நமக்குத் தந்தது. அரசர்களின் மெய்க்கீர்த்திகள் பேசாத எளியவர்கள் அவர்கள். அரூருக்குக் கிழக்கே, செங்கம் பகுதி எடுத்தனூரில் உள்ள நடுகல் 7ஆம் நூற்றாண்டு மகேந்திரவர்மன் காலத்தது. கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்தது. அவனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அது இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்று எழுத்து சொல்கிறது; நாயின் பெயர் கோவிவன்.